கேள்வி கேட்காத நிருபர்: ராபர்ட் ட்ரூ

இன்னைக்கு ராத்திரி வீட்ல நியூஸ் ஓடும்போது ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. முதல்ல டிவிக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. படம் வேண்டாம், சத்தம் மட்டும் அஞ்சு நிமிஷம் கேளுங்க. என்ன நடந்தது, யார் சொன்னாங்க, எந்த ஊரு, எல்லாமே புரியும். அப்புறம் திரும்பி உட்கார்ந்து மியூட் பண்ணுங்க. இப்ப அஞ்சு நிமிஷம் படம் மட்டும். கார் கதவு திறக்குது, ஒருத்தர் கும்பிடுறார், பத்து மைக் நீளுது, ஒரு கட்டடத்தோட முகப்பு, மறுபடி கார் கதவு. ஒண்ணுமே புரியாது.

இந்தச் சோதனை என்னோடது இல்லை. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை நிருபர் இதைச் செய்து பார்த்தார். அவர் பார்த்தது சாதாரண நிகழ்ச்சியும் இல்லை. எட்வர்ட் மர்ரோவின் நிகழ்ச்சி, அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியின் உச்சம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்று. அதிலும் இதே முடிவுதான் வந்தது. படத்தை அணைத்தால் நிகழ்ச்சி அப்படியே நிற்கிறது. சத்தத்தை அணைத்தால் சரிந்துவிடுகிறது. இது டெலிவிஷன் இல்லை, படம் ஒட்டின ரேடியோ என்று அந்த மனிதர் முடிவுக்கு வந்தார். அவர் பெயர் ராபர்ட் ட்ரூ. இதை ஒரு பாட்காஸ்ட்ல உட்கார்ந்து சொல்றேன் பாருங்க, அதுவும் ஒரு வேடிக்கைதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்ச்சியைத் தொடங்குவதற்கு முன்னால் நான் ஒன்பது வருஷம் சென்னையில் ஒரு செய்தி சேனலில் ரிப்போர்ட்டராக இருந்தேன். சேனல் பெயர் இங்கே தேவையில்லை. லோகோ வைத்த மைக்கைப் பிடித்து, யார் முகத்துக்கு முன்னாலாவது நீட்டி, ஒரு பைட் வாங்கி, கடைசியில் கேமராவைப் பார்த்து நாலு வரி பேசி, பெயரைச் சொல்லி, கேமராமேன் பெயரையும் சேர்த்துச் சொல்லி முடிப்பதுதான் வேலை. அதனால் ட்ரூவின் கதையை நான் வெளியில் நின்று பார்க்கிற ஆளாகப் படிக்கவில்லை. எனக்கு அதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதுக்குக் கடைசியில வர்றேன்.

ட்ரூ பிறந்தது 1924-ல், ஒஹையோ மாநிலத்தின் டொலீடோவில். பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே 1942-ல் ராணுவ விமானப்படையில் சேர்ந்தார். 19 வயதில் இத்தாலியின் மேல் குண்டு போடும் போர் விமானி. 1944 தொடக்கத்தில் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பகைவர் பகுதிக்குள் மலைகளில் மூன்று மாதத்துக்கும் மேலாக ஒளிந்து திரிந்து, உயிரோடு திரும்பினார். சினிமாவுக்கு ஏற்ற கதை, ஆனா நமக்கு இங்கே முக்கியம் அது இல்லை. அவருடைய படைப்பிரிவோடு ஒரு நிருபர் வந்து தங்கியிருந்தார். எர்னி பைல். இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதிய அமெரிக்க நிருபர்களில் வீடுகள்தோறும் படிக்கப்பட்டவர் அவர்தான். தளபதிகளின் திட்டங்களை அவர் எழுதவில்லை. சிப்பாய் என்ன சாப்பிட்டான், எங்கே தூங்கினான், எதற்குப் பயந்தான் என்று எழுதினார். அதற்காகவே 1944-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். மறு வருஷம் போர்க்களத்திலேயே சுடப்பட்டு இறந்தார். 19 வயசுப் பையன் ஒருத்தன், தன்னோட வாழ்க்கையையே ஒரு நிருபர் கூட இருந்து கவனிச்சு எழுதறதைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கான். அது மனசுல எங்கேயோ தங்கியிருக்கும்னு நான் நம்புறேன்.

போருக்குப் பின் ட்ரூ ஜெட் விமானங்கள் ஓட்டினார். அந்த அனுபவத்தை 'லைஃப்' பத்திரிகைக்கு ஒரு கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரை வேலை வாங்கிக் கொடுத்தது. லைஃப் நிருபர் ஆனார்.

இங்கே கொஞ்சம் நிற்கணும். லைஃப் என்பது படப் பத்திரிகை. நம்ம ஊர்ல படம் என்பது எழுத்துக்குத் துணை. அங்கே எழுத்துதான் படத்துக்குத் துணை. ஒரு செய்திக்கு இரண்டு பேர் போவார்கள். ஒருவர் போட்டோகிராஃபர், இன்னொருவர் நிருபர். நிருபரின் வேலை என்ன? எங்கே போனால் விஷயம் கிடைக்கும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும், கதை எது, அதில் இன்னும் எது குறைகிறது என்று பார்ப்பது. போட்டோகிராஃபர் கையில் சின்ன 35 மில்லிமீட்டர் கேமரா. ஃபிளாஷ் இல்லாமல், யாரையும் நிற்க வைக்காமல், நடப்பதை நடக்கும்போதே பிடிப்பார். ட்ரூ பத்து வருஷம் இந்த ஜோடிப் பயிற்சியில்தான் ஊறினார். 'இதே மாதிரி சினிமா எடுத்தா என்ன?' என்பதுதான் அவருக்கு வந்த எண்ணம். கேட்க எளிதாக இருக்கிறது. அப்படி ஒரு படத்தை எடுத்து முடிக்க 1960 வரை ஆனது.

முதல் முயற்சி 1954-ல். என்பிசி தொலைக்காட்சிக்காக ஒரு மாதிரி நிகழ்ச்சி எடுத்தார். எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை என்பதற்குக் காரணம் கண் முன்னாலேயே நின்றது. அந்த நாளில் சத்தத்தோடு படம் எடுக்க வேண்டுமென்றால் தூக்க முடியாத கேமரா, முக்காலி, விளக்குகள், தனியாக ஒலிப்பதிவுப் பெட்டி, இவற்றையெல்லாம் இழுக்க ஒரு கூட்டம் ஆட்கள். இந்தப் பட்டாளம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது நின்றுபோகும். "கேமரா ரெடி, இப்ப பேசுங்க" என்றால் மனிதர்கள் பேச மாட்டார்கள், ஒப்பிப்பார்கள். எங்க சேனல்லயும் இதைத் தினமும் பார்த்திருக்கேன். கேமரா வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டிருந்த மனுஷன், கேமரா வந்ததும் சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, "அதாவது பார்த்தீங்கன்னா..." என்று தொடங்குவார்.

பிறகு ட்ரூ பத்திரிகையாளர்களுக்கான நீமன் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குப் போனார். அங்கே இந்த மாதிரி ஆட்கள் வழக்கமாகப் பொருளாதாரம், வெளியுறவு என்று படிப்பார்கள். இவர் நாடகமும் சிறுகதையும் நாவலும் படித்தார். ஆவணப்படங்கள் ஏன் இவ்வளவு சலிப்பாக இருக்கின்றன என்ற ஒரே கேள்விதான் அவரிடம் இருந்தது. எபிசோட் தொடக்கத்தில் சொன்ன சோதனை இந்தக் காலத்தின் யோசனைதான். அவருக்குக் கிடைத்த பதில்: டிவி ஆவணப்படம் வகுப்புப் பாடம் மாதிரி, சொற்களின் தர்க்கத்தில் ஓடுகிறது. நாடகம் அப்படி ஓடுவதில்லை. ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்குமா கிடைக்காதா என்ற பதைப்பில் ஓடுகிறது. உண்மை வாழ்க்கையிலும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடவே போய்விட்டால் கதை தானாக நடக்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு படம் டிவியில் அவர் கண்ணில் பட்டது. ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நாடகம் நடத்தும் ஒரு குழுவைப் பற்றியது. எடுத்தவர் ரிச்சர்ட் லீகாக். இங்கிலாந்தில் பிறந்தவர், சிறுவயதைக் கேனரித் தீவுகளில் அப்பாவின் வாழைத் தோட்டத்தில் கழித்தவர், ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் கடைசிப் பெரிய படத்துக்குக் கேமரா பிடித்தவர். ட்ரூ தேடிப் போய் அவரைப் பிடித்தார். லீகாக்குக்கும் இதே எரிச்சல்தான் இருந்தது: கேமரா தோளுக்கு வர வேண்டும், சத்தமும் கூடவே வர வேண்டும்.

இதற்குப் பணம் கொடுத்தது லைஃப் பத்திரிகையின் தாய் நிறுவனமான டைம் நிறுவனம். அவர்களுக்குச் சொந்தமாகச் சில டிவி நிலையங்கள் இருந்தன. ஆரிகான் என்ற கனமான 16 மில்லிமீட்டர் கேமராவை அறுத்துச் செதுக்கி எடை குறைத்தார்கள். கையில் தூக்கும் டேப் ரெக்கார்டர் ஒன்றைச் சேர்த்தார்கள். கேமராவும் ரெக்கார்டரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முதலில் இரண்டையும் வயரால் கட்டினார்கள். அதாவது இரண்டு ஆட்களும் ஒரு கயிற்றில் கட்டிய மாடு மாதிரி சேர்ந்தே ஓட வேண்டும். பிறகு வயர் போனது எப்படி தெரியுமா? கைக்கடிகாரத்தால். அக்யூட்ரான் என்று ஒரு கடிகாரம் அப்போது புதிதாக வந்திருந்தது. அதற்குள் ஒரு குட்டி இசைக்கவை நொடிக்கு 360 தடவை அதிரும். பிசகவே பிசகாது. கேமராவில் ஒன்று, ரெக்கார்டரில் ஒன்று. இரண்டும் தனித்தனியாக ஒரே தாளத்தில் ஓடின. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது.

ஆனால் தொழில்நுட்பக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ரெக்கார்டரை யார் தூக்கினார்கள்? சினிமாவில் அதற்கு ஒலிப்பதிவாளர் இருப்பார். ட்ரூவின் குழுவில் அதைத் தூக்கியவர் நிருபர். லைஃப் பத்திரிகையின் அதே பழைய ஜோடி! போட்டோகிராஃபர் கையில் ஃபிலிம் கேமரா, நிருபர் கையில் மைக். கதை எங்கே போகிறது என்று தெரிந்தவர் கையிலேயே மைக் இருக்கிறது. அவர் மைக்கைத் திருப்பும் பக்கம் கேமராவுக்குக் குறிப்புக் கிடைக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த நிருபர் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. "இன்னொரு தடவை அந்தக் கதவு வழியா வாங்க" என்று சொல்லக் கூடாது. தன் முகத்தைக் காட்டக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. நிருபர் என்பவனோட கருவிகளே கேள்வியும் குரலும்தான். அதை ரெண்டையும் பிடுங்கிட்டு, கையில மைக்கை மட்டும் கொடுத்து நிக்க வைக்கறாங்க. ட்ரூ நிருபர் வேலையிலிருந்து இயக்குநர் வேலைக்குப் போன பாதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது இதுதான். அவர் பெரும்பாலும் கேமரா பிடிக்கவில்லை. ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ஆக்‌ஷன்" சொல்கிற இயக்குநரும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது, எந்த வாரம், எந்த அறைக்குள் எந்த ஜோடி, பிறகு எடிட்டிங்கில் எந்த வரிசை என்பதை அவர் தீர்மானித்தார்.

1960 ஏப்ரல். விஸ்கான்சின் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கான முதல்கட்டத் தேர்தல். மாசசூசெட்ஸின் பணக்கார வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்கர், செனட்டர் ஜான் கென்னடி ஒரு பக்கம். பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவின் செனட்டர், விவசாயிகளின் ஆள், ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி மறுபக்கம். இருவரிடமும் ட்ரூ அனுமதி வாங்கினார். லீகாக், பென்னிபேக்கர், ஆல்பர்ட் மேஸில்ஸ், டெரன்ஸ் மெக்கார்ட்னி-ஃபில்கேட் என்று கேமராவுக்கு நாலு பேர். பின்னாளில் இந்தப் பெயர்கள் இல்லாமல் ஆவணப்பட வரலாற்றையே எழுத முடியாது என்ற நிலை வந்தது. ட்ரூவும் மைக் பிடித்தார். சுமார் ஒரு வாரம் படப்பிடிப்பு. 'ப்ரைமரி' என்பது படத்தின் பெயர்.

அதில் ஒரு காட்சி. மில்வாக்கியில் போலந்து வம்சாவளி மக்கள் கூடியிருக்கும் மண்டபம். கென்னடி காரிலிருந்து இறங்கி உள்ளே போகிறார். மேஸில்ஸ் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அகலமான லென்ஸில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே போகிறார். நடைவழி, கதவு, கைகள், தலைகள், படிகள், மேடை. எங்கேயும் வெட்டு இல்லை. ஒரு அரசியல்வாதி கூட்டத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று அதற்கு முன் யாரும் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பிறகு மேடையில் ஜாக்குலின் கென்னடி பேச வருகிறார். முகம் அமைதியாக இருக்கிறது. கேமரா பின்பக்கத்திலிருந்து அவர் கைகளைக் காட்டுகிறது. முதுகுக்குப் பின்னால், வெள்ளைக் கையுறை போட்ட விரல்கள் முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. "அம்மா, உங்களுக்குப் பதற்றமா இருக்கா?" என்று ஒரு நிருபர் கேட்டிருந்தால் "இல்லை, இங்கே வந்தது மகிழ்ச்சி" என்ற பைட்தான் கிடைத்திருக்கும்.

ஹம்ஃப்ரிக்கும் நல்ல இடங்கள் உண்டு. பாதி காலியான ஒரு மண்டபத்தில், சிரிக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் விவசாயிகளிடம் மனிதர் மன்றாடுகிறார். பிறகு மழையில் போகும் காரில் அசந்து தூங்குகிறார். நான் இந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஹம்ஃப்ரி பக்கம்தான் மனசு சாயுது.

முடிவு என்ன? கென்னடி ஜெயித்தார், 10 தொகுதிகளில் 6-ஐப் பிடித்தார். ஆனால் கத்தோலிக்கர் வாக்கு என்று சொல்லி அதை யாரும் பெரிய வெற்றியாக ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை அடுத்த மாநிலத்துக்குப் போனது. நாடகத் தர்க்கம் என்று சொன்ன ட்ரூவுக்கு வாழ்க்கை கொடுத்த கடைசிக் காட்சி அவ்வளவுதான். படத்தில் வர்ணனை மிகக் கொஞ்சம். பெரிய டிவி நெட்வொர்க்குகள் எதுவும் இதை வாங்கவில்லை. யாராவது விளக்கிச் சொல்லாத நிகழ்ச்சியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. டைம் நிறுவனத்தின் சொந்த நிலையங்களில்தான் அது ஓடியது. 1990-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. முப்பது வருஷம்!

நெட்வொர்க்குகளில் ஏபிசிதான் கதவைத் திறந்தது. அப்போது மூன்றில் கடைசி இடத்தில் இருந்த நெட்வொர்க், அதனால் துணிச்சலுக்கு நஷ்டம் கிடையாது. லத்தீன் அமெரிக்காவில் அமெரிக்கா மேலிருந்த கோபம், நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்தபோது வெடித்த வெறுப்பு, கார்ப் பந்தயம் என்று அடுத்தடுத்துப் படங்கள். 1962-ல் 'தி சேர்'. சிகாகோ சிறையில் மின்சார நாற்காலிக்காகக் காத்திருக்கும் பால் கிரம்ப் என்ற கைதி. அவரைக் காப்பாற்ற ஓடும் இளம் வழக்கறிஞர் ஒருவருக்கு ஃபோன் வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை கருணை மனுவை ஆதரிக்கப் போகிறது என்ற செய்தி. ரிசீவரை வைத்துவிட்டு மனிதர் உடைந்து அழுகிறார், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாதே என்று சொல்லிக்கொண்டே அழுகிறார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, நிருபர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிரம்ப்பின் தண்டனை குறைக்கப்பட்டது.

அதே வருஷம் ஒரு குழு இந்தியாவுக்கும் வந்தது, நேருவைப் படமெடுக்க. லீகாக்கும், ட்ரூவின் நிருபர் கிரெகரி ஷூக்கரும். நேருவோடு ஒரு ஒப்பந்தம்: நாங்கள் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம், நீங்களும் எங்களைக் கண்டுகொள்ளக் கூடாது. தேர்தல் நேரம், கூட்டம், பயணம், கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கென்னடிக்கோ கிரம்ப்புக்கோ கிடைத்த மாதிரி ஒரு நெருக்கடி வந்து மாட்டவே இல்லை. ஒரு கிழவர் வேலை செய்துகொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். சுவாரசியமான தோல்வி என்று நான் சொல்வேன். நெருக்கடி இல்லாத இடத்தில் இந்த முறை என்ன செய்யும் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

சரி, இப்ப 1963-க்கு வருவோம். எனக்கு ட்ரூ மேல இருக்கற மரியாதையும் சந்தேகமும் ரெண்டுமே இந்த ஒரு படத்துலதான் இருக்கு.

அலபாமா பல்கலைக்கழகத்தில் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. வாசலில் நானே நின்று தடுப்பேன் என்கிறார் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். ஜூன் 11 அந்த நாள். ட்ரூவின் ஜோடிகள் எல்லா அறைக்குள்ளும் இருக்கிறார்கள். வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் அலுவலகம், வெள்ளை மாளிகை, அலபாமாவில் வாலஸின் மாளிகை, மாணவர்கள் காத்திருக்கும் இடம், வாசலுக்குப் போகப்போகும் துணை அட்டர்னி ஜெனரல் காட்ஸன்பாக் பக்கத்தில் ஒரு ஜோடி. இந்தப் பக்கம் எடுக்கும் முடிவும், அந்தப் பக்கம் அதைத் தெரியாமல் எடுக்கும் முடிவும் நம் கண் முன்னால் ஓடுகின்றன. அந்த அவசரத்துக்கு நடுவில் ராபர்ட் கென்னடியின் மூன்று வயது மகள் அலுவலகத்துக்கு வருகிறாள். ஃபோனை அவளிடம் கொடுக்கிறார். மறுமுனையில் அலபாமா வெயிலில் வேர்த்து ஊற்ற நிற்கும் காட்ஸன்பாக் குழந்தையோடு பேசுகிறார். இன்னொரு பக்கம், வாலஸ் வீட்டில் அவருடைய சின்ன மகளைக் கறுப்பினப் பணியாளர் ஒருவர் தூக்கி வைத்திருக்கிறார். யாரும் எதையும் சுட்டிக்காட்டவில்லை. தேவையும் இல்லை.

இதுபோல ஒரு அரசாங்கம் தன் அறைக்குள் யாரையும் விட்டதில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. அதிபரின் அலுவலகத்தைக் காட்சிமேடை ஆக்கலாமா, கேமரா முன்னால் எடுக்கும் முடிவு உண்மையான முடிவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி இது: இந்த அனுமதியை வாங்கியதே கேள்வி கேட்க மாட்டேன் என்ற வாக்கைக் கொடுத்துத்தானே? ட்ரூ 'ப்ரைமரி'யைக் கென்னடிக்குப் போட்டுக் காட்டினார், கென்னடிக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் கதவு திறந்தது. தனக்கு அழகாக வரும் என்று தெரிந்துதானே ஒருவன் கதவைத் திறப்பான்? "இந்தச் சட்டத்தைக் கொண்டுவர ஏன் இரண்டரை வருஷம் ஆச்சு?" என்று 1963-ல் கென்னடி சகோதரர்களிடம் ஒரு நல்ல நிருபர் கேட்டிருக்க வேண்டும். அந்த அறையில் மைக் பிடித்து நின்றவர் நிருபர்தான். அவர் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

இன்னொன்று. அந்த நாளில் உயிரைப் பணயம் வைத்தது யார்? அந்த இரண்டு மாணவர்கள். அன்று நள்ளிரவு தாண்டியதும் பக்கத்து மாநிலத்தில் கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ் வீட்டு வாசலில் சுடப்பட்டுச் செத்தார், நிலைமை அப்படி. படத்தில் மலோனுக்கும் ஹூடுக்கும் கிடைத்த நேரம் அதிகாரிகளுக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் ரொம்பக் கொஞ்சம். வாலஸ் விலகுகிறார், கதவு திறக்கிறது, படம் முடிந்தது. மறுநாள் காலை வகுப்பில் அவர்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? சாப்பாட்டு மேசையில் யார்? ஹூட் அந்தக் கோடையிலேயே பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். மலோன் தாக்குப்பிடித்து 1965-ல் பட்டம் வாங்கினார், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரி. அந்த இரண்டு வருஷமும் ஒரு கதைதான். ஆனால் அது நெருக்கடி இல்லை, தினப்படி. நேரு படத்தில் பார்த்த அதே சிக்கல்.

படம் 1963 அக்டோபர் 21 அன்று ஏபிசியில் ஒளிபரப்பானது. ஒரு மாதம் கழித்து நவம்பர் 22. இறுதிச் சடங்கின்போது ட்ரூவின் கேமராக்கள் பெரும்பாலும் கூட்டத்தில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தன. 'ஃபேசஸ் ஆஃப் நவம்பர்', 12 நிமிஷம், ஒரு வார்த்தை வர்ணனை இல்லை. வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. தொலைக்காட்சிக்கு அந்த அளவில் ஒரு இடம் இல்லை, அரை மணி, ஒரு மணி என்றுதான் அவர்கள் கட்டம் போட்டிருந்தார்கள்.

அதற்குள் குழுவும் கலைய ஆரம்பித்துவிட்டது. மேஸில்ஸ் முன்பே போயிருந்தார். லீகாக்கும் பென்னிபேக்கரும் தனி நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் பாப் டிலனையும் பைபிள் விற்பவர்களையும் ரோலிங் ஸ்டோன்ஸையும் எடுத்து உலகப் புகழ் பெற்றார்கள். திரைப்பட வரலாற்றில் அந்தப் புது முறை கேமரா பிடித்தவர்களின் பெயரில் நின்றது. ட்ரூ டிவியிலேயே இருந்தார். பாலே நடனக் கலைஞர் எட்வர்ட் வில்லெல்லாவைப் பற்றி எடுத்த படத்துக்கு எம்மி விருது வந்தது. பிறகு மனைவி ஆன் ட்ரூவோடு சேர்ந்து பல படங்கள், அதில் இந்திரா காந்தியைப் பற்றியதும் ஒன்று. 2014 ஜூலையில், 90 வயதில் இறந்தார்.

என் கணக்கு ஒன்று இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா.

2015 டிசம்பர் வெள்ளம். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரை. தண்ணீர் வடிந்த முதல் காலை. ஒரு அம்மா தன் வீடு இருந்த இடத்தில் உட்கார்ந்து, சேற்றிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை, அழவும் இல்லை. நான் போய் மைக்கை நீட்டினேன். "அம்மா, உங்க நிலைமையைச் சொல்லுங்கம்மா." அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அரசாங்கம், அதிகாரிகள், யாரும் வரவில்லை என்று நான் எதிர்பார்த்ததை எதிர்பார்த்த மாதிரியே சொன்னார். 12 நொடி பைட். மத்தியானம் முழுக்க ஓடியது.

என்னோடு வந்த கேமராமேன் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் போய் மைக்கை நீட்டுவதற்கு முன்னாலேயே அவர் கேமராவைத் தோளில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பைட் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. அந்த அம்மா மறுபடி தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்ததை எடுத்துக்கொண்டே இருந்தார். "போதும்ணா, லைவ் இருக்கு, வாங்க" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

இந்த எபிசோடுக்காகப் போன வாரம் அவருக்கு ஃபோன் பண்ணினேன். அவருக்கு அந்த இடம் ஞாபகம் இருந்தது. எத்தனை நிமிஷம் எடுத்திருப்பீங்கன்னு கேட்டேன். நாலு, அஞ்சு நிமிஷம் இருக்கும் என்றார். அது எங்கேயாவது இருக்குமாண்ணா என்று கேட்டேன்.

"அன்னைக்கு ராத்திரியே கார்டை ஃபார்மேட் பண்ணிட்டாங்களே தம்பி. மறுநாள் ஷூட்டுக்குக் கார்டு வேணும்ல?"